ஓடுபாதைக்கு விடுமுறை

விமான நிலையத்துக்காரர்கள் தெருமுனைச் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஓடுபாதையைப் பெயர்த்துப் புதிதாகப் போடப் போகிறார்களாம். இருபத்து நான்கு நாட்களுக்கு ஒரு விமானமும் வராது, போகாது. எல்லாவற்றையும் வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்களாம். அதைப் படித்த ஒவ்வொரு முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு. எதிர்க்கடை சலூன்காரன் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

"டாக்டரு! இருபத்து நாலு நாளும் தூங்கிக்கிட்டே முடி வெட்டப் போறேன் பாரு!"

நானும் சிரித்துவைத்தேன். ஆனால் எனக்கு மட்டும் அது கெட்ட செய்தி.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் மறைத்து மறைத்தே ஓட்டியாயிற்று, இனிமேல் என்ன? எனக்குக் காது கேட்காது. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் யாராவது தொண்டை கிழியக் கத்தினால் ஏதோ கொஞ்சம் விழும். கூடவே வாயசைப்பையும் பார்த்தால்தான் அது பேச்சாகும்.

டாக்டர் என்றதும் ஊசி போடுகிற டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவன். தண்ணீர் மோட்டார், மின்விசிறி, மிக்ஸி, எது படுத்துக்கொண்டாலும் என்னிடம்தான் வரும். மற்ற கடைகளில் முதலில் பிரித்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் என்ன பழுது என்று தேடுவார்கள். நான் பிரிக்க மாட்டேன். மோட்டாரை ஓடவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துவேன். பேரிங் தேய்ந்திருந்தால் அது ஒரு மாதிரி முனகும், காயில் கருகியிருந்தால் வேறு மாதிரி. அதைப் பார்த்துத்தான் தெரு எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. காதாலேயே பழுது பார்க்கிறவனுக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் எவன் மோட்டாரைக் கொண்டுவருவான்? அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. காதில் மாட்டுகிற மெஷின் ஒன்று வாங்கிக்கொள்ளும்படி தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சொன்னார்கள். போங்கடா என்று எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் எப்படி ஒருத்தருக்கும் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு நாள் இருந்து பார்த்தால் கேட்க மாட்டீர்கள். ஓடுபாதையின் மதில் எங்கள் தெருவின் முதுகில் இருக்கிறது. இரண்டு பக்கமும் நாலு மாடி வீடுகள். இந்தப் பால்கனியிலிருந்து அந்தப் பால்கனிக்குச் சீப்பை நீட்டிக் கொடுக்கலாம், அவ்வளவு நெருக்கம். அந்த இடுக்குக்கு மேலே நாலு நிமிடத்துக்கு ஒரு விமானம், சக்கரத்தில் ஒட்டியிருக்கிற தார் தெரிகிற உயரத்தில் போகும். டம்ளர் தண்ணீர் நடுங்கும், ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கும். வெளியூர்க்காரன் தலையைக் குனிந்துகொள்வான். நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளங்கையை உயர்த்துவோம், அவ்வளவுதான். 'இரு' என்று அர்த்தம். விமானம் போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவோம். மாடிக்கு மாடி நடக்கிற சண்டையில்கூட, பாதித் திட்டில் இரண்டு பேரும் கையை உயர்த்திக்கொண்டு நின்று, சத்தம் போனதும் மீதித் திட்டை முடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. நீங்கள் ஒருவரிடம் ஏணி இரவல் கேட்கிறீர்கள், அந்த நேரம் பார்த்து விமானம் வருகிறது. போன பிறகு அவர் பதில் சொல்லாமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றால், தர மனசில்லை என்று அர்த்தம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்கிற சங்கடம் அவருக்கு இல்லை, கேட்டுவிட்டோமே என்கிற கூச்சம் உங்களுக்கு இல்லை. ஆனால் மறுபடி கேட்கக் கூடாது. அது மரியாதை கெட்ட வேலை. இந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

ஆக, எல்லோரும் கத்துவார்கள், வாயை அகலமாகத் திறப்பார்கள், பாதியைக் கையால் சொல்வார்கள். எங்கள் தெருவில் காது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. நான் ராஜாவாக இருந்தேன்.

தொலைபேசி மட்டும்தான் எனக்கு எமன். அதில் வாய் தெரியாதே. வேறு ஊரில் இருக்கிற மகள் கூப்பிட்டால், "வேலையா இருக்கேன், அம்மாகிட்ட பேசு" என்று மனைவியிடம் நீட்டிவிடுவேன். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சரிப்பட்டு வரவில்லை, எட்டு மாதமாகப் பிரிந்திருக்கிறாள். நாலு வயதுப் பேத்தியோடு ஒரு வாடகை அறையில் தனியாகக் கிடக்கிறாள். வீட்டுக்கு வந்துவிடு தாயே என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் சொன்ன பிறகு அவள் ஏதாவது கேட்பாளே, அதற்கு என்ன பதில் சொல்வேன்? அப்பா கோபமாக இருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன், பாவி.

அமைதி தொடங்கிய முதல் நாள் காலையில் தெருவே பால்கனியில் நின்றது. காற்று துணியை அடிக்கிற சத்தம் கேட்கிறது என்று மூன்றாவது மாடி டீச்சர் கண் கலங்கினாராம். மனைவி சொன்னாள். அவள் அதைச் சொல்லும்போது வாய் பாதிகூடத் திறக்கவில்லை. அப்போதே பிடித்தது எனக்குச் சனி. மூன்று நாளில் தெரு முழுக்க உதட்டைப் பிரிக்காமல் பேசப் பழகிவிட்டது. கை பேசுவது நின்றுபோனது. குசுகுசு, முணுமுணு! இத்தனை வருடம் கத்தினவர்கள் ரகசியம் பேசுகிறவர்கள் மாதிரி நடந்துகொண்டால் எனக்கு எரிச்சல் வருமா வராதா?

கடையில் சமாளித்தேன். யாராவது மோட்டாரோடு வந்தால் அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நானே முந்திக்கொள்வேன். "வைங்க, சாயங்காலம் வாங்க." ஸ்க்ரூடிரைவர் மட்டும் என்னைக் கைவிடவில்லை. பிடியைக் காதிலிருந்து எடுத்துத் தாடை எலும்புக்கு எப்போதோ மாற்றியிருந்தேன். பேரிங்கின் முனகல் எலும்பு வழியே பல்லுக்கு வரும். டீச்சர் தன் மின்விசிறியைக் கொண்டுவந்து, என் தாடையில் இருந்த பிடியைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவர் விழித்தார். அப்புறம் சிரித்துவிட்டுப் போனார். என்ன கேட்டாரோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

வீட்டில்தான் மாட்டிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம். நான் அடுப்படி மேசையில் ஒரு சின்ன மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்தபோது அவள் ஈரக்கையோடு திரும்பி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. ஏதோ கேட்டிருக்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

என்ன கேட்டாய் என்று இரண்டே வார்த்தை. அது வாயில் வரவில்லை எனக்கு. வெளியே ஒரு சத்தமும் இல்லை. நாலடி தூரத்திலிருந்து கேட்டது ஏன் காதில் விழவில்லை என்று அவள் கேட்டால்? நான் குனிந்து மோட்டாரைத் துடைக்கத் தொடங்கினேன். மறுபடி கேட்பாள், அப்போது வாயைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுபடி நிமிர்ந்தபோது அடுப்படியில் அவள் இல்லை.

அதற்குப் பிறகு நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு, தட்டை மேசையில் வைத்து, வேறு அறைக்குப் போய்விடுவாள். கண் வீங்கியிருந்தது. எனக்கு அது உறைத்ததா? இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் பேசாமல் இருந்தால் எனக்குக் கேட்கவேண்டிய வேலை இல்லையே. இப்படியே மீதி நாளும் ஓடிவிட்டால் விமானம் வந்துவிடும், பிழைத்துக்கொள்வேன் என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் காலையில் சலூனுக்குப் போனேன். சலூன் எனக்குப் பிடித்த இடம். எதிரே அவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கும்போது என்ன கவலை? பின்னால் நின்று பேசினாலும் அவன் வாய் எனக்கு முன்னால்தான் இருக்கும். அவனும் இத்தனை வருடம் கத்தியே முடி வெட்டினவன், அமைதி வந்தும் வாயை மூடப் பழகவில்லை.

வலது பக்கம் முழுக்க வெட்டி முடித்துவிட்டு, கத்தரிக்கோலை நிறுத்தினான். கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. பெத்த பொண்ணுதானே டாக்டரு அவ?"

"எவ?"

"உன் பொண்ணுதான். பேத்தியோட இங்க வந்துடறேன்னு கேட்டாளாம். நீ வேணாம்னுட்டியாமே?"

தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். "இன்னொரு தடவை சொல்..." என்று ஆரம்பித்தேன். அவன் காத்திருக்கவில்லை, ஆத்திரத்தோடு பொரிந்து தள்ளினான்.

"உன் வீட்டுக்காரி என் வீட்டுக்காரிகிட்ட அப்படி அழுதிருக்கா. ஈரக் கையோட நின்னு கேட்டாளாம், அவ வரட்டுமான்னு. நீ வாயத் திறக்காம குனிஞ்சுக்கிட்டியாம். விமானத்து மேல பழி போடவும் வழியில்ல, அவ்வளவு அமைதியில கேட்டிருக்கா. அதுக்கு மேல எப்படிய்யா மறுபடி கேப்பா? பொண்ணுகிட்ட, அப்பாவுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டா. அவளும் எங்கயோ தூரத்துல வேலை, தங்க இடம் எல்லாம் பாத்துட்டாளாம். நாளைக்கு சாமான் ஏத்துறாளாம்."

நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. கழுத்தில் கட்டின வெள்ளைத் துணியோடு, பாதி வெட்டின தலையோடு தெருவுக்கு ஓடினேன். பின்னால் சலூன்காரன் ஏதாவது கத்தியிருப்பான், எனக்கென்ன கேட்டது!

எங்கள் வீடு என் கடைக்கு மேலே, முதல் மாடி. மனைவி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேலே ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்தப் பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? தெரு நடுவில் நின்று, தலைக்கு மேல் நாலு விமானம் ஒன்றாகப் போகிற மாதிரிக் கத்தினேன்.

"நான் வேணாம்னு சொல்லல!"

அவள் திரும்பினாள்.

"நீ கேட்டது எனக்குக் கேக்கலம்மா! எனக்குக் காது கேக்காது! ரெண்டு வருஷமா கேக்காது! உன்கிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்! கேக்காதும்மா எனக்கு!"

எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பால்கனிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் எதிர்வீட்டு இரண்டாவது மாடியில் ஒரு தலை. அப்புறம் அதற்கு மேலே. அப்புறம் இரண்டு பக்கமும், தெரு முனை வரைக்கும், ஒவ்வொரு பால்கனியிலும் தலைகள். தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்த ரகசியத்தை, அந்தத் தெருவுக்கு வாய்த்த ஒரே அமைதியில், நானே கூவி விற்றுவிட்டேன். போகட்டும் என்று இருந்தது.

மனைவி கையிலிருந்த ஈரத்துணி கம்பியில் பாதியும் வெளியில் பாதியுமாகத் தொங்கியது. அவள் உள்ளே போனாள். படியில் இறங்கி வந்தாள். வந்த வேகத்தில் அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். என் முகத்துக்கு நேரே நின்று, பழைய மாதிரி வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உங்களுக்கு அறிவிருக்கா?"

முதல் நாளுக்குப் பிறகு அவள் பேசின ஒரு வாக்கியம் எனக்கு முழுசாகக் கிடைத்தது அப்போதுதான். அழுகை வந்துவிட்டது எனக்கு. நடுத்தெருவில், பாதித் தலையோடு, துணியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"இல்ல. இருந்தா இப்படிப் பண்ணியிருப்பேனா? அன்னைக்கு என்ன கேட்டியோ அத இன்னொரு தடவை கேளு."

எங்கள் தெருவில் அப்படி யாரும் யாரையும் மறுபடி கேட்கச் சொன்னதில்லை. அவள் சுற்றிலும் பால்கனிகளைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ வரட்டுமா?"

"வரட்டும். அவ வீடு அது. நாளைக்கே வரட்டும்."

மேலே ஏதோ அசைந்தது. டீச்சர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, வாயையும் கையையும் சேர்த்து வீசிக் கத்திக்கொண்டிருந்தார். "டாக்டர்! தண்ணி மோட்டாரும் கரகரங்குது! நாளைக்கு அனுப்புறேன்! உங்க தாடைக்கு ஒண்ணும் ஆகலையே?" பால்கனிகள் எல்லாம் சிரித்தன. அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். சலூன்காரன் கத்தரிக்கோலோடு தன் கடை வாசலில் நின்று, மீதித் தலையைக் காட்டி, வந்து தொலை என்று கையாட்டினான். அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் மனைவியோடு படியேறினேன்.

அவள் மகளைக் கூப்பிட்டாள். பொத்தானை அழுத்தி, ஒரு வார்த்தை பேசிவிட்டு, தொலைபேசியை என் வாயருகே பிடித்துக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"அப்பாதாம்மா பேசுறேன். நீ பேசுறது எனக்குக் கேக்காது. எனக்குக் காது போச்சு. போன்ல உங்கிட்ட பேசாம இருந்தது அதனாலதான், கோபத்துல இல்ல. உங்கம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லாததும் அதனாலதான். எந்த ஊருக்கும் சாமான் ஏத்தாத. இங்க ஏத்திக்கிட்டு வா. உன் பழைய அறையில மோட்டாரா அடுக்கி வச்சிருக்கேன், ராத்திரிக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடறேன். வர்றியாம்மா?"

முடித்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் தொலைபேசியைத் தன் காதில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று. இன்னும் கொஞ்ச நேரம். மகளும் இந்தத் தெருவில் வளர்ந்தவள். கேட்ட பிறகு பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் முகத்தைத் திருப்பப் போனேன். அப்போது மனைவி உள்ளங்கையை உயர்த்தினாள்.

'இரு.'

வானத்தில் விமானம் எதுவும் இல்லை. மகள் அழுதுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். பேச முடியாமல் அழுகிறாள் என்று மனைவி கன்னத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். அவள் கன்னத்திலும் நிஜமாகவே அந்தக் கோடு இருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் ஆயுளில் எந்த விமானத்துக்கும் அவ்வளவு நேரம் நான் காத்திருந்ததில்லை.

கை கீழே இறங்கியது. மனைவி ஏதோ சொல்லிவிட்டுத் தொலைபேசியை மேசையில் வைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டே நாலடி நடந்தாள். அவள் தோள் அசைவதிலிருந்து பேசுகிறாள் என்று தெரிந்தது.

சட்டென்று நின்றாள். திரும்பினாள். அந்த நாலடியும் நடந்து வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, முதலிலிருந்து சொன்னாள்.

"வர்றாளாம். நாளைக்குச் சாயங்காலம்."